தலையசைப்பைச் சம்மதம் என்று எழுதாதீர்கள்

புலம்பெயர் தொழிலாளர் சமரசப் பேச்சுவார்த்தை குறித்த கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு தொழிலாளர் துறைக்கும், ஆலை உரிமையாளர்களுக்கும், நம் தொழிற்சங்கங்களுக்கும்:

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை ஃபவுண்டரிகளிலும் உழைக்கும் ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம் தொழிலாளர்களும் அவர்களோடு நிற்கும் தமிழ்த் தொழிலாளர்களும் சேர்ந்து இதை முன்வைக்கிறோம்.

சம்பள பாக்கியோ பீஸ் ரேட்டோ, பேச்சுவார்த்தையில் தமிழ்த் தொழிலாளி குரலை உயர்த்தி உரிமை கேட்பார். பக்கத்தில் நிற்கும் வடமாநிலத் தொழிலாளிக்கு அந்தக் குரலே மிரட்டலாகக் கேட்கிறது. அதிகாரியை எதிர்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர் தலைகுனிந்து நிற்கிறார். ‘ஆட்சேபணை இல்லை’ என்று பதிவாகிறது. மௌனத்தையும் தலையசைப்பையும் சம்மதமாக எழுதுவதை நிறுத்த வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தொழிலாளி தன் வாயால் சொன்ன பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.

எங்களை அதிகம் வருத்துவது சாவில் நடக்கும் பேரம். வேலையில் இறந்தவரின் உடலை வாங்க ஊரிலிருந்து தம்பி வருகிறார். பிணவறை வாசலிலேயே ஆலைத் தரப்பினர் ஒரு தொகையைச் சொல்லி, வெற்றுத்தாளை நீட்டுகிறார்கள். அவர் வீட்டில் முடிவெடுப்பவர் அப்பா. காரியம் முடியும்வரை பணப்பேச்சே எடுக்க மாட்டார்கள். வண்டி காத்திருக்கிறது, உடல் கிடைத்தால் போதும் என்று கைநாட்டு வைக்கிறார். மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், நேரில் கொடுப்பது கணக்கில் வராது என்று 1923ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. சடங்குகள் முடிந்து, குடும்பத்தார் கூடிப் பேசும் முன் வாங்கிய எந்தக் காகிதத்தையும் துறை ஏற்கக் கூடாது.

ஆள் கூட்டிவந்த ஏஜென்டே மொழிபெயர்ப்பாளராக உட்காருவது அநியாயம். ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரும், தங்கை கல்யாணத்துக்குக் கடன் கொடுத்தவரும் அவர்தான். அவர் எதிரில் வாய் திறந்தால் ஊரில் வீட்டார் பதில் சொல்ல வேண்டிவரும். அரசுச் செலவில் தனி மொழிபெயர்ப்பாளர் வேண்டும். வடக்கே இருந்து வந்தவரெல்லாம் இந்திக்காரர் என்று நினைப்பதும் தவறு. ஒடிசாவின் மயூர்பஞ்சிலிருந்து வரும் சந்தாலிப் பெண்ணுக்கு இந்தி தமிழருக்கு இருப்பதுபோலவே அந்நியமாக இருக்கலாம். புலம்பெயர் தொழிலாளியின் பாஸ்புக் அவரது மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. காகிதத்துக்குக் கொடுத்த அந்த உரிமையைப் பேச்சுக்கும் கொடுங்கள்.

பெண் தொழிலாளரிடம் பெண் அலுவலர் தனியாகப் பேச வேண்டும். சூப்பர்வைசர் அறையில் இருக்கக் கூடாது.

தரப்பினரின் சுயமுடிவைக் காக்க வேண்டியது மத்தியஸ்தரின் கடமை என்கிறது 2023ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டம். சென்னை உயர் நீதிமன்ற சமரச மையம் 2005 முதல் இயங்குகிறது. இரு தரப்பையும் தனித்தனியே சந்தித்துப் பேசும் பழக்கம் அங்கே உண்டு. அந்த நெறியையும் பழக்கத்தையும் தொழிலாளர் அலுவலகங்களுக்கும் கொண்டுவாருங்கள்.

இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். அதை உடனே பிறப்பிக்கக் கோருகிறோம்.