பூட்டிய பீரோ

ஊத்துக்கோட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பரம ரசிகர். அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பீரோ ஒன்று உண்டு. அதில் முந்நூறு நாவல்களுக்குக் குறையாது. ஒவ்வொன்றுக்கும் காக்கி அட்டை, முதுகில் நம்பர். பீரோவுக்குப் பூட்டு. சாவி அவர் இடுப்பில்.

சென்ற மாதம் அங்கே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். மாடியில் குடியிருப்பவர்களின் பெண் வந்தாள். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவள். "சார், பொன்னியின் செல்வன் முதல் பாகம் குடுத்தீங்கன்னா படிச்சிட்டுத் தந்துடறேன்" என்றாள். "பார்க்கலாம்மா" என்றார் நண்பர். 'பார்க்கலாம்' என்பதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியும். பேசாமல் மாடி ஏறிப் போய்விட்டாள்.

"கொடுத்தால் திரும்பி வராது, ஐயா!" என்றார் என்னிடம். "அது போகட்டும். எல்லோரும் இரவலிலேயே படித்தால் உம்மைப் போன்ற எழுத்தாளர்கள் பிழைப்பது எப்படி? உமக்காகவும்தான் பூட்டி வைத்திருக்கிறேன்."

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தம்முடைய கஞ்சத்தனத்துக்கு என்னைச் சாட்சியாக இழுக்க அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? எழுதிச் சம்பாதிப்பவன் நான். என் ஆட்சேபத்தை நானே சொல்லிக்கொள்கிறேன்: பூட்டிய பீரோவால்தான் எனக்கு நஷ்டம். வாழ்க்கையின் முதல் நாவலைக் காசு கொடுத்து வாங்கிய ஒரு வாசகரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. அத்தை வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ இரவல் வாங்கித்தான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். ருசி கண்ட பிறகுதான் கை பைக்குள் போகிறது. அந்தப் பெண் கேட்ட புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் அது தொடராக வந்தபோது ஒரு பிரதியைப் பல வீடுகள் படித்தன. வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த கட்டுகள் தலைமுறை தலைமுறையாகக் கை மாறின. அதனால் விற்பனை செத்துவிட்டதா? இன்றும் புத்தகக் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள்.

திரும்பி வராது என்கிறாரே, அது வாஸ்தவம்தான். சில வராது. ஆனால் இதை ஊத்துக்கோட்டைக்காரர் சொல்லலாமோ? கண்டலேறிலிருந்து கால்வாயில் வரும் கிருஷ்ணா தண்ணீர் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைவது அவர் ஊர்ப் பக்கத்தில்தானே! மகாராஷ்டிரமும் கர்நாடகமும் ஆந்திரமும் ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுத்த தண்ணீர் அது. மொத்தம் 15-இல் 3 வழியிலேயே போய்விடும், எல்லைக்கு 12 வரும் என்று கணக்குப் போட்டுத்தான் திட்டமே வகுத்தார்கள். 1996-இல் தண்ணீர் வந்தது. கணக்குக்கு மேலேயே வழியில் ஒழுகிற்று. அதற்காகக் கால்வாயைத் தூர்த்துவிடவில்லை. பிறகு கரையைச் செப்பனிட்டார்கள். முந்நூறு புத்தகத்தில் முப்பது வழியில் போனால்தான் என்ன? பயமாக இருந்தால் ஒரு நோட்டுப் போட்டுப் பெயர் எழுதி வைத்துக்கொள்வது.

பூட்டி வைத்தவர்கள் எதைக் காப்பாற்றினார்கள் என்றும் பார்த்தாயிற்று. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் தம்மிடமிருந்த சீவக சிந்தாமணிப் பிரதியை இளைஞர் சாமிநாதையர் கையில் கொடுத்தார். 1887-இல் அது அச்சேறியது. யாருக்கும் காட்டாமல் பரணில் போட்டு வைத்தவர்களின் ஏடுகள் செல்லுக்கும் ஆற்றுக்கும் நெருப்புக்கும் போன கதையை ஐயரவர்களே தம் சரித்திரத்தில் சொல்லி அழுதிருக்கிறார். இரவல் கொடுப்பது சமூகத்தின் கடமை என்று 1948-இல் சென்னை மாகாணம் நூலகச் சட்டமே போட்டது. வீட்டு வரியோடு நண்பரும் நூலக வரி கட்டித்தான் வருகிறார். அந்தக் காசில் யார் யாரோ படிக்கிறார்கள்!

இதெல்லாம் போகட்டும். பொன்னியின் செல்வனை மூன்று தடவை படித்த மனிதர் அவர். நந்தினி செய்தது நியாயமா என்று சண்டை போட அவருக்கு அந்தத் தெருவில் ஓர் ஆள் கிடையாது. நான் எப்போதாவது போனால் அவர் என்னை மூன்று மணி நேரம் விடாமல் பிடித்துக்கொள்வது அதனால்தான். மாடியிலேயே ஓர் எதிர்க்கட்சி தயாராக இருந்தது; 'பார்க்கலாம்' என்று அனுப்பிவிட்டார்.

நான் மட்டும் யோக்கியனா என்று கேட்காதீர்கள். முதல் பக்கத்தில் வேறொருவர் கையெழுத்துள்ள நாவல் ஒன்று என் அலமாரியில் இருபது வருஷமாக இருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் நானும் கதை எழுதிப் பார்த்தேன்.

அன்று புறப்படும்போது நண்பரிடம், "முதல் பாகத்தை எனக்குக் கொடுங்கள், ஒரு சந்தேகம் பார்க்க வேண்டும்" என்றேன். எழுத்தாளன் கேட்டால் மறுக்க முடியுமா? தயங்கித் தயங்கிப் பூட்டைத் திறந்தார். வாசலில் செருப்பு மாட்டும் சாக்கில் மாடிக்குப் போய்ப் பெண்ணிடம் சேர்த்துவிட்டு வந்தேன். இப்போது அது அவளுடைய ஷிப்டில் மூன்றாவது பெண்ணிடம் இருப்பதாகக் கேள்வி. நண்பர் இரண்டு தடவை போனில் கேட்டுவிட்டார். "நிதானமாகப் படிக்கிறேன், ஐயா" என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கட்டுரை அவர் கண்ணில் படாதா என்பீர்கள். படும், கொஞ்சம் தாமதமாக. இந்தப் பத்திரிகையை எதிர் வீட்டிலிருந்து இரவல் வாங்கித்தான் அவர் படிக்கிறார்.