பழவேற்காட்டில் ஒரு ஜப்பான் வீடு

பழவேற்காட்டு மீனவர் குப்பங்களில் ஜப்பான் கலைக்கூடம் ஒன்று அமைக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் சிலர் சிரிப்பார்கள். "ஜப்பான் எங்கே, பழவேற்காடு எங்கே?" என்பார்கள்.

சிரிக்க வேண்டியதில்லை. இரண்டு கரைகளுக்கும் பழைய உறவு உண்டு.

துணி சொன்ன கதை

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில், ஏரியும் கடலும் சேரும் இடத்தில் இருக்கிறது பழவேற்காடு. 1613-ல் இங்கே டச்சுக்காரர்களின் கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் 1690 வரை அவர்களுக்கு இதுவே தலைமை இடம்.

கோடு போட்ட துணி, கட்டம் போட்ட துணி, பூ எழுதிய துணி எல்லாம் இந்தக் கரையில் கப்பல் ஏறின. மலாய் மொழியில் கைலிக்கு இன்றும் "காயின் பெலிகட்" என்று பெயர். பெலிகட் என்றால் புலிகாட். அதாவது நம் பழவேற்காடு!

அதே டச்சுக்காரர்கள் ஜப்பானிலும் வியாபாரம் செய்தார்கள். ஆனால் அங்கே அவர்கள் ஜம்பம் பலிக்கவில்லை. நாகசாகித் துறைமுகத்தில் மண்ணைக் கொட்டி உண்டாக்கிய ஒரு சின்னத் தீவு இருந்தது. அதன் பெயர் தெஜிமா. விசிறி வடிவத்தில் இருக்கும். 1641 முதல் டச்சுக்காரர்கள் அதற்குள்தான் இருக்க வேண்டும். பாலத்தில் காவல். இஷ்டம்போல் ஊருக்குள் போக முடியாது.

அந்தத் தீவில் இறங்கிய சரக்கில் சோழமண்டலத் துணியும் இருந்தது. கோடு போட்ட துணியை ஜப்பானியர் "சந்தோமே" என்று அழைத்தார்கள். மயிலாப்பூர் சாந்தோம்தான் ஜப்பானில் துணியின் பெயராயிற்று! பூத்துணிக்கு "சராசா" என்று பெயர். தேநீர் விருந்துக்குரிய அருமையான சாமான்களை அந்தத் துணியில் தைத்த பையில் பாதுகாத்தார்கள். ஜப்பானியச் செம்பும் கப்பலில் நம் கரைக்கு வந்தது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் போகவில்லை. ஏழை மக்களையும் அடிமைகளாகக் கப்பலில் ஏற்றி பட்டேவியாவுக்குக் கொண்டு போனார்கள். கலைக்கூடம் வந்தால் அந்தக் கண்ணீரையும் அது சொல்ல வேண்டும்.

அவர்கள் மீட்டார்கள்

பழவேற்காட்டுக் கோட்டையை 1806-ல் ஆங்கிலேயர் இடித்தார்கள். இன்று அது புதர் மண்டிய மேடு. டச்சுக்காரர்களின் கல்லறைகள் மட்டும் தொல்லியல் துறையின் காவலில் இருக்கின்றன.

தெஜிமா என்ன ஆயிற்று? அதுவும் மறைந்தது. சுற்றியிருந்த கடலைத் தூர்த்தார்கள். தீவு நகரத்துக்குள் அடங்கிவிட்டது.

1945 ஆகஸ்டு 9-ந் தேதி நாகசாகியில் அணுகுண்டு விழுந்தது. ஊர் சாம்பலாயிற்று. ஆறே ஆண்டுகள். 1951-ல் அந்த நகரம் தெஜிமாவை மீட்கும் வேலையைத் தொடங்கியது! பழைய படங்களையும் தோண்டிக் கண்ட அடித்தளங்களையும் வைத்து, கிடங்குகளையும் வீடுகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டினார்கள். 2017-ல் புதிய பாலமும் போட்டார்கள். இன்று குடும்பம் குடும்பமாக மக்கள் உள்ளே போய் வருகிறார்கள்.

சாம்பலில் நின்றவர்களுக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

கை செய்யட்டும்

கலைக்கூடம் என்றதும் கண்ணாடிப் பெட்டியும் "தொடாதீர்கள்" என்ற பலகையும் நினைவுக்கு வரும். அது வேண்டாம். இங்கே குழந்தைகள் தொட வேண்டும், செய்ய வேண்டும், சிரிக்க வேண்டும். ஜப்பானின் மிதாகா நகரில் சினிமாச் சித்திரங்களுக்காக 2001-ல் திறந்த ஜிப்லி கூடத்தில், சின்னஞ்சிறுசுகள் ஏறிக் குதித்து விளையாட ஒரு பூனைப் பேருந்தே இருக்கிறது!

பழவேற்காட்டுக்கு ஏற்ற கலை ஒன்று உண்டு. அதன் பெயர் கியொதாக்கு. "மீன் அச்சு" என்று சொல்லலாம். மீனைக் கழுவித் துடைத்து, மேலே மை தடவி, மெல்லிய காகிதத்தை வைத்து அழுத்த வேண்டும். காகிதத்தை எடுத்தால் செதில் செதிலாக மீன் பதிந்திருக்கும். கண்ணை மட்டும் கையால் வரைவார்கள். பிடித்த மீனின் அளவை மறக்காமல் இருக்க, ஜப்பானில் மீன் பிடித்தவர்கள் கண்ட வழி இது. புகைக்கரி மையாக இருந்தால் கழுவிவிட்டுக் குழம்பும் வைத்துவிடலாம்! மடவைக்கும் நண்டுக்கும் பஞ்சமில்லாத குப்பத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

படத்தட்டுகளை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்லும் "கமிஷிபாய்" இன்னொன்று. 1930-களில் ஜப்பானில் சைக்கிளில் வந்து மிட்டாய் விற்றுக் கதை சொன்னார்கள். டெலிவிஷன் வந்ததும் அது மங்கியது. ஏரிக் கதைகளைப் பிள்ளைகளே வரைந்து அந்த முறையில் சொல்லலாம். ஷின்சானும் டோரேமானும் நம் வீடுகளில் தமிழ் பேசுகிறார்கள். 1995-ல் வந்த ரஜினியின் "முத்து", 1998-ல் ஜப்பானில் சக்கைப்போடு போட்டது. இரண்டுக்கும் ஒரு சுவர் ஒதுக்கலாம்.

வீட்டில் பாதி நம்முடையதாக இருக்கட்டும். பழவேற்காட்டுப் பெண்கள் பனை ஓலையில் அழகான கூடைகள் முடைகிறார்கள். அவர்கள் அங்கே ஆசிரியைகளாக இருக்க வேண்டும். சம்பளமும் வாங்க வேண்டும். யார் எங்கே வலை போடுவது என்று முறை வைத்துப் பங்கிடும் "பாடு" வழக்கத்தை முதிய மீனவர்கள் சொல்லித் தர வேண்டும். ஜப்பானிலிருந்து வருகிறவரும் கற்றுக்கொண்டு போகட்டும்.

வயிறு முக்கியம்

"முகத்துவாரத்தை மணல் மூடுகிறது. மீன் குறைகிறது. பொம்மையும் படமும் எதற்கு?" என்று மீனவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. முகத்துவாரம் தூர்வாரும் பணத்தில் ஒரு காசும் இதற்கு எடுக்கக் கூடாது. படகு நிறுத்தும் கரையையோ வலை காயும் மணலையோ தொடக் கூடாது. பூநாரைகள் வரும் ஏரியில் வெளிச்சமும் இரைச்சலும் கூடாது. பொறுப்பும் வருமானமும் குப்பத்து மக்களிடமே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இன்னொரு டச்சுக் கோட்டைதான்.

சென்னையைச் சுற்றி ஜப்பான் கம்பெனிகள் பல தொழிற்சாலை வைத்திருக்கின்றன. அரசாங்கம் கேட்டால் அவை உதவக்கூடும். ஆனால் மாளிகை எழும்பும் வரை காத்திருக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஒரு அறை, ஒரு மேஜை, கொஞ்சம் மை, அன்று பிடித்த ஒரு மடவை. இவை போதும். இந்த ஆண்டே தொடங்கலாம்.