மழைக்குப் பின் புகையான்: மருந்து அடிக்கும் முன் தூரைப் பாருங்கள்

சம்பா பயிர் கதிர் பிடிக்கும் நேரத்தில் வானம் மூட்டமாகி, நாலு நாள் மழை பெய்து வயலில் தண்ணீர் தேங்கினால் புகையான் வரும் என்பது டெல்டா விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் மழை எப்போது முடியும் என்பதை இப்போது நம்ப முடியவில்லை. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்தது. வெப்பம் 1 டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது.

மழை புகையானைக் கொண்டு வரலாம். அதைப் பெருக வைப்பது பல நேரம் நம் தெளிப்புதான்.

புகையான் பயிரின் அடித்தூரில் இருந்து சாறு உறிஞ்சும். முட்டையை இலையுறைக்குள் இடும். மேலாக அடித்த மருந்து அங்கே போய்ச் சேராது. மழை கழுவிவிட்டால் மறுபடி அடிக்கிறோம். இதில் முதலில் சாவது புகையானைத் தின்னும் சிலந்தியும், அதன் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும்தான். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை பொரிந்து வரும் குஞ்சுகளுக்கு எதிரியே இருக்காது. வயலில் வட்ட வட்டமாகப் பயிர் கருகுவது அப்போதுதான்.

இது நம் பகுதியில் மட்டும் நடப்பதல்ல. இந்தோனேசியாவில் இதே புகையான் பெருகியதால், 1986-ல் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லில் பயன்படுத்த அந்நாட்டு அரசு தடை விதித்தது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை:

* நடவின்போதே 2.5 முதல் 3 மீட்டருக்கு ஒரு முறை 30 செ.மீ. இடைவெளி விட்டுப் பட்டம் பிரிக்கவும். அடித்தூரில் வெயிலும் காற்றும் படும்.

* மழைக்குப் பின் பயிர் வெளிறியதும் யூரியாவை அள்ளி வீச வேண்டாம். தழைச்சத்து கூடினால் புகையானும் கூடும். இலை வண்ண அட்டை பார்த்து மட்டும் இடவும்.

* வாரம் ஒரு முறை வயலின் பல இடங்களில் குத்தை விலக்கி எண்ணவும். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி உள்ள வயலில் தூருக்கு 2 பூச்சி என்ற அளவை எட்டினால் மட்டுமே மருந்து தேவை.

* சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என 'த்ரின்' என்று முடியும் மருந்துகளைப் புகையானுக்கு அடிக்கவே கூடாது. இவை கலந்த கூட்டு மருந்துகளும் கூடாது. கடையில் வாங்கும்போதே லேபிளைப் படிக்கவும். இமிடாகுளோபிரிட்டுக்குப் பல இடங்களில் புகையான் எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது.

* அளவைத் தாண்டினால் தண்ணீரை வடித்துவிட்டு, ஏக்கருக்கு பைமெட்ரோசின் 50 சதவீத மருந்து 120 கிராமை 200 லிட்டர் நீரில் கலந்து, மழை இல்லாத நேரத்தில் அடித்தூர் நனையத் தெளிக்கவும். அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்களை லேபிளில் பார்த்துக்கொள்ளவும்.

மழையை நாம் நிறுத்த முடியாது. தேவையில்லாத ஒரு தெளிப்பை நிறுத்தலாம். மருந்துச் செலவும் கூலியும் மிஞ்சும், சிலந்தியும் பிழைக்கும்.