பக்தியின்றிச் சங்கீதம் படித்தல்

சென்ற தவணையிலே பண்டித வகுப்பு மாணவர்க்கு அணியிலக்கணம் கற்பிக்குங்கால், பொருள் பின்வருநிலையணிக்கு எடுத்துக்காட்டாக எபிரேயருடைய சங்கீதம் ஒன்றைக் கரும்பலகையில் எழுதினேன். அதனால் விளைந்த மனத்தாங்கலே இதனை எழுதத் தூண்டிற்று. வெள்ளவத்தைச் சைவ அன்பர் ஒருவர், “பண்டிதர் ஐயா, தண்டியாசிரியர் காட்டிய உதாரணங்கள் உங்களுக்குப் போதாவோ?” என்றார். கொட்டாஞ்சேனையிலே படிப்பிக்கும் கத்தோலிக்க நண்பர் அவரினும் மிக வருந்தினார். விசுவாசம் இல்லாதவர் அதனைத் தொடலாகாது, அது பாட்டன்று, செபம் என்பது அவர் கட்சி. இருவரும் எனக்கு நெடுநாளைய நண்பர். ஆதலின் விடை கூறாது ஒழிதல் முறையன்று.

முதலிலே அணியை நோக்குவோம். 1753ஆம் ஆண்டு இராபர்ட் லோத் என்னும் ஆங்கிலக் குருவானவர், ஒக்ஸ்போட் சர்வகலாசாலையில் இலத்தீனில் நிகழ்த்திய விரிவுரைகளை நூலாக வெளியிட்டார். ஓரடி கூறிய கருத்தை அடுத்த அடி வேறு சொற்களால் மீளக் கூறுதலும், மறுதலைப்படுத்திக் கூறுதலுமே எபிரேயச் செய்யுளின் உயிர்நிலை என்று அவர் காட்டினார். எதுகையும் மோனையும் மொழிபெயர்ப்பில் இறந்துபடும். கருத்தினாலாய எதுகை இறவாது. அதனாலன்றோ எந்த மொழியிற் பெயர்த்தாலும் சங்கீதம் பாட்டாகவே நிற்கின்றது. நம் திருவாசகத்துக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. போப்பையர் 1900இல் அதனை ஆங்கிலமாக்கினார். பொருள் கடல் கடந்தது, ஓசை இக்கரையிலேயே நின்றுவிட்டது. 119ஆம் சங்கீதமோ எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்கும் எழுத்துக்கு 8 ஆக 176 வசனங்களை உடையது. வருக்கக்கோவை படித்த நம்மவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது.

சைவர் இதனைப் படித்தல் புதுமையோ எனின், அன்று. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் செய்த வேதாகம மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது. அதற்கு உடனிருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். அவ்வுழைப்பிற் பெற்ற அறிவையே அவர் பின்னர்ச் ‘சைவதூஷண பரிகாரம்’ என்னும் நூலிலே படைக்கலமாக்கினார். எருசலேம் ஆலயத்தில் தீபமும் தூபமும் பலியும் உண்டாயின் எங்கள் கோயிலிலே அவை குற்றமாவது எங்ஙனம் என்று அவர் வினாவிய வினாவுக்கு எதிர்த்தரப்பார் விடை காண இடர்ப்பட்டனர். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலம் இராமநாதனோ வேறொரு வழி சென்றார். ஸ்ரீ பரானந்தர் என்னும் பெயரால் மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்கு 1898இலும் 1902இலும் ஆங்கில விரிவுரை செய்து, அங்கே நம் ஞானநெறியையே கண்டார்.

இருவரும் பெரியோர்; அவர்தம் புலமைக்கு முன் யான் எம்மட்டு! ஆயினும் ஒன்று சொல்வேன். முன்னவர் படித்தது வாதுக்கு. பின்னவர் படித்தது தம் கொள்கையை அங்கே காண்பதற்கு. பாட்டைப் பாட்டாகப் படிக்க இருவர்க்கும் ஓய்விருந்ததில்லை. யான் பக்தியின்றிப் படித்தல் என்பது இவ்விரண்டுமின்றிப் படித்தலை. அஃது இகழ்தல் அன்று. பக்தனுக்கு இடர்ப்பட்ட விடத்தில் உரையாசிரியர் வந்து கைகொடுப்பார். பக்தியில்லாதவனுக்கு அங்கே ஒருவருமில்லை, சொல் ஒன்றே உண்டு.

137ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். பாபிலோனுக்குச் சிறைபோன ஒரு மக்கள் ஆற்றங்கரையிருந்து அழும் பாட்டு அது. அதன் முற்பகுதியைப் பாடாத நாடில்லை. ஈற்றிலோ, பகைவருடைய சிறு குழந்தைகளைக் கல்லில் மோதுபவன் பாக்கியவான் என்று முடிகின்றது. குழந்தைகள் என்றது தீய எண்ணங்களை, கல் என்றது கிறிஸ்துவை என்று பழைய உரைகாரர் பொருள் கொண்டனர். 1971இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையோ அவ்வடிகளை நீக்கியேவிட்டது. செபத்துக்கு அது தக்கதே ஆகலாம். பாட்டுக்கு?

1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளுள் எங்களதும் ஒன்று. எனக்கு அப்போது வயது பதின்மூன்று. அகதி முகாமிலிருந்து கப்பலேற்றிக் காங்கேசன்துறையில் இறக்கினார்கள். சங்கீதம் என்ற சொல்லுக்கு இசை என்பதன்றி வேறு பொருளறியாத அந்நாளில், கப்பலின் மேற்றட்டிலே படுத்துக்கொண்டு அந்த ஈற்றடியை யான் மனத்துள்ளே பாடியிருக்கின்றேன். பல ஆண்டு கழித்து அச்சில் அதனைக் கண்டபோது அறியாத பாட்டாகத் தோன்றவில்லை. என் கையெழுத்தை யாரோ எடுத்துக் காட்டியது போல நாணினேன். அந்த நாணத்தைத் தருவது அப்பாட்டின் முழுமை. வெட்டிய பாட்டு அழ மட்டுமே செய்யும்.

என் கத்தோலிக்க நண்பர் இவ்வளவும் கேட்டிருந்து, “சரி, உங்கள் தேவாரத்தையும் இப்படிப் படிப்பீர்களோ?” என்றார். சுந்தரர் கண்ணிழந்து இறைவனை ஏசிய பதிகத்தைச் சொல்லித் தப்பப் பார்த்தேன். ஏசுவது தோழமையின் உரிமையென்று நம்மவர் எல்லாரும் ஒப்புவர். அதில் எனக்கு நட்டமில்லை. அவரும் விடவில்லை, அவர் கருதியது சம்பந்தருடைய பத்தாம் பாட்டை. சம்பந்தர் பதிகங்களுட் பெரும்பாலனவற்றில் பத்தாம் பாட்டு சமணரையும் சாக்கியரையும் இழிக்கும். பௌத்தர் நிறைந்த இந்நகரத்திலே நாம் அதனை நாள்தோறும் ஓதுகின்றோம்; பொருள் கூறும்போது மட்டும் விரைந்து கடந்துவிடுகின்றோம். யானும் இருபது வருடம் வகுப்பிலே அவ்வாறே கடந்தவன். ‘வரலாற்றுச் சூழல்’ என்ற ஒரு தொடரே எனக்கு ஓடமாய் இருந்தது.

வரும் தவணையில் 137ஆம் சங்கீதத்தையும் சம்பந்தர் பதிகம் ஒன்றையும் ஓரடியும் குறையாமல் பக்கத்தில் பக்கமாக எழுதப்போகின்றேன். வெள்ளவத்தை அன்பர் கேட்டு முகம் கறுத்தார். எனினும் எந்தப் பதிகம் என்று வினவினார். இருவரும் பின்வாங்கிலில் வந்திருந்து கேட்பதாகச் சொல்லியிருக்கின்றனர்.