ஒரே அளவு, இரண்டு எண்



கும்பகோணத்து வாசகி ஒருவர் தன் தைராய்டு ரிப்போர்ட் இரண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பத்து மடங்குக்கு மேல ஏறிடுச்சே ஐயா, மாத்திரையை நிறுத்திடணுமா?" என்று கேட்டிருந்தார். உள்ளூர் லேபில் எடுத்ததில் ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ஹார்மோன் 1.2. மகளைப் பார்க்க சிங்கப்பூர் போன இடத்தில் எடுத்ததில் 15.4.

யாருக்குத்தான் பதறாது? ஆனால் ஒன்றுமே ஏறவில்லை. நம் ஊர் லேப்கள் பெரும்பாலும் டெசிலிட்டருக்கு எத்தனை நானோகிராம் என்று எழுதுகின்றன; அங்கே லிட்டருக்கு எத்தனை பிகோமோல் என்று எழுதுகிறார்கள். 1.2-ஐ 12.87-ஆல் பெருக்கிப் பாருங்கள், 15.4 வரும். இந்த விவரம் தாளில் இருக்கத்தான் செய்கிறது, எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில். தடித்த எழுத்தில் கண்ணில் படுவது எண் மட்டும். வைட்டமின் டி-யும் இப்படித்தான்: ஒரு லேபின் 20 இன்னொரு லேபில் 50.

அலகுச் சிக்கலாவது கால்குலேட்டரோடு முடிந்துவிடும். அதைவிடப் பெரிய வில்லங்கம் மெஷினில் இருக்கிறது. தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோனை அளக்க, ஒவ்வொரு கம்பெனியும் அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் தனக்கென்று வைத்திருக்கிறது. டிஎஸ்எச்சும் ஒரே அச்சில் வார்த்த மூலக்கூறு அல்ல. அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அதனால் ஒரே குழாய் ரத்தத்தை இரண்டு மெஷினில் ஓட்டினால் இரண்டு எண் வரலாம். 'நார்மல்' வரம்பும் லேபுக்கு லேப் வேறு. 4.2 வந்தவர் ஒரு லேபில் நோயாளி, அடுத்த தெரு லேபில் ஆரோக்கியசாலி. நெரிசலான ஓபி-யில் இதையெல்லாம் துருவிப் பார்க்க டாக்டருக்கு நேரம் ஏது?

சரிசெய்ய முடியாத விஷயமா என்றால், இல்லை. சர்க்கரைக்காரர்கள் பார்க்கும் எச்பிஏ1சி-யும் ஒரு காலத்தில் லேபுக்கு லேப் தாறுமாறாகத்தான் வந்தது. 1993-இல் வெளியான டிசிசிடி என்ற சர்க்கரை நோய் ஆய்வை அளவுகோலாக வைத்து, 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய திட்டம் கம்பெனிகளை ஒரு வழிக்குக் கொண்டுவந்தது. டெஸ்டோஸ்டிரோனைச் சரியாக அளக்கும் முறைகளுக்கு அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சிடிசி சான்றிதழ் தருகிறது. ஜப்பானில் 2021-இல் டிஎஸ்எச்சுக்குப் பொது வரம்பு பரிந்துரைக்கப்பட்டது. நம்மிடமும் அடித்தளம் உண்டு. வேலூர் சிஎம்சி பல ஆண்டுகளாக நாடெங்கும் உள்ள லேப்களுக்கு ஒரே மாதிரியை அனுப்பி, வந்த எண்களை ஒப்பிட்டுச் சொல்லிவருகிறது. இப்படி எந்தச் சோதனைக்கும் உட்படாத லேப்களை யார் கேட்பது?

நாடு முழுக்க ஒரே அலகு வேண்டும். எந்த மெஷின், எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தது என்பதும் தாளில் அச்சாக வேண்டும். காலையில் உச்சத்தில் இருக்கும் கார்டிசால் நள்ளிரவில் தரைமட்டத்துக்கு இறங்கிவிடும்; நேரம் எழுதாத கார்டிசால் ரிப்போர்ட்டை வைத்து டாக்டர் என்ன செய்வார்? கர்ப்பிணிக்கு மற்றவர்களுக்கான வரம்பையே அச்சிட்டுத் தருவதும் இதே ரகம்தான். கம்பெனிகள் மனம் வைத்தால் நடக்கும் என்று காத்திருந்தால் நடக்காது, அரசுதான் விதியாக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதுவரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள். முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் சாப்பிட்டால், ரத்தம் கொடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில மெஷின்களில் அது டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டி, இல்லாத நோயை இருப்பதுபோல் ஆக்கிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. கும்பகோணத்து அம்மா உட்பட எல்லோரும், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். அடுத்த முறை போகும்போது பழைய ரிப்போர்ட்டையும் மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்