மூடை வாங்குமுன் மண்ணைப் பாருங்கள்

பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பிய பிறகு நம்மவர்களுக்குப் புதுப்புது வியாபார யோசனைகள் வருகின்றன. அண்மையில் என் கடைக்கு வந்த தம்பி ஒருவர், உல்லாசப் பயணிகளின் சவாரிக்கு இரண்டு குதிரைகள் வாங்கப் போவதாகச் சொன்னார். புல்லை விலைக்கு வாங்கினால் கட்டாதாம். கடலோரத்தில் வாப்பாவின் காணி சும்மா கிடக்கிறதாம். "புல் வளர்க்க ஐந்து மூடை யூரியா தாங்க காக்கா" என்றார்.

நான் கொடுக்கவில்லை. பசளை விற்பவன் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினான் என்றால் பக்கத்துக் கடைக்காரர் சிரிப்பார். ஆனால் வெறும் மணலில் யூரியா நிற்காது. மாரி மழை அடித்தால் கரைந்து கீழே போய்விடும். வருடக்கணக்கில் அதையே போட்டால் மண்ணில் அமிலமும் கூடும். பி.எச். 5.5க்குக் கீழே இறங்கினால் பொஸ்பரஸ் சத்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், வேருக்குக் கிடைக்காது. முதல் போட்ட காசு பெட்டிக்குள் பூட்டுப்பட்ட மாதிரித்தான்.

"அப்ப டொலமைட் போடுவோமே" என்றார் தம்பி. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் போடுவதைப் பார்த்துவிட்டு, அது எல்லா மண்ணுக்கும் மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். கடலோர மணலில் சிப்பியும் முருகைக்கல் துகளும் கலந்திருந்தால் அதுவே சுண்ணாம்புதான். அங்கே டொலமைட் போடுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. நட்டம் காசோடு நிற்காது. சுண்ணாம்பு மிஞ்சினால் இரும்பும் நாகமும் கிடைக்காமல் புல் மஞ்சளாகும். ஆனால் அதே காணியின் உட்பக்கத்து மண் மழையில் கழுவுண்டு அமிலமாக இருக்கவும் கூடும்.

ஆகவே முதலில் ஒரு போத்தல் வினாகிரி வாங்குங்கள். ஒரு பிடி மணலில் கொஞ்சம் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, டொலமைட்டை மறந்துவிடுங்கள். நுரைக்காவிட்டால் பத்து இடங்களில் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அமிலம் என்று வந்தால் மாரிக்கு முன் டொலமைட் போடலாம். மணலுக்குச் சிறிய அளவே போதும். பலன் தெரியச் சில மாதங்களாகும். யூரியாவோடு சேர்த்துப் போட்டால் சத்து வாயுவாகப் பறந்துவிடும்.

எந்தப் பக்கத்து மண்ணுக்கும் வேண்டியது எருதான். மணலில் நீரையும் சத்தையும் பிடித்து வைப்பது அதுவே. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தபோது, மாட்டெரு எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. மூடை திரும்பி வந்ததும் எருவை மறந்துவிட்டோம், நான் உட்பட.

இன்னொன்று. மாட்டுக்காரர்கள் நடும் சி.ஓ.3 புல்லையே குதிரைக்கும் முழுத்தீனியாகப் போடாதீர்கள். அந்த இனத்தில் ஒக்சலேட் அதிகம். மாடு தாங்கும், குதிரைக்குக் கல்சியம் குறைந்து எலும்பு கெடும். மணலைத் தாங்கும் அறுகு நல்லது. 300 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கிலோ பச்சைப்புல் வேண்டும். இரண்டுக்கு 60. குதிரைக்கு முற்பணம் கொடுக்குமுன் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

தம்பி போன கிழமை மறுபடி வந்தார். கடற்பக்கத்து மண் நுரைத்ததாம், மேற்குப் பக்கத்து மண் நுரைக்கவில்லையாம். குதிரை இன்னும் வாங்கவில்லை. எரு ஏற்ற லேண்ட்மாஸ்டர் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார்.