ஊசியும் கட்டும் மட்டுந்தானா?

தம்பி! உன் தங்கை நர்சுப் படிப்புப் படிக்கிறாளா? ஓவர்டைம் பார்த்து, பீடியைக் குறைத்து, பஸ்ஸுக்கு வைத்த காசிலும் மிச்சம் பிடித்துப் படிக்க வைக்கிறாய், மகிழ்ச்சி! அவளிடம் ஒன்று கேட்டுப்பார்: "ஆராய்ச்சி என்றொரு பாடம் இருக்கிறதாமே, எதற்கம்மா அது?" பெரும்பாலும் வரும் விடை இதுதான்: "பரீட்சைக்கு, அண்ணா! ஆராய்ச்சியெல்லாம் டாக்டர்கள் வேலை. நமக்கு ஊசியும் கட்டும்."

அப்படியா சேதி!

இங்கிலாந்திலே டோரீன் நார்ட்டன் என்றொரு அம்மையார். நர்சுதான். எழுந்து நடமாட முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்த முதியவர்களுக்கு முதுகிலே புண், இடுப்பிலே புண், குதிகாலிலே புண்! காலங்காலமாக நடந்தது என்ன? சோப்புப் போட்டுத் தேய், ஸ்பிரிட் தடவு, களிம்பு பூசு! மூத்தவர் சொன்னார், இளையவர் தேய்த்தார். பலன் உண்டா என்று பார்த்தவர் யார்? பார்த்தார் நார்ட்டன், இரு துணைவரோடு. 1962-இல் வெளிவந்தது அவர்கள் ஆய்வு. தேய்த்ததும் பூசியதும் காக்கவில்லை. ஒரே பக்கமாய்க் கிடக்கும் உடலை அடிக்கடி திருப்பிப் படுக்கவைத்ததே காத்தது! உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு: ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு, 20-க்கு 14 அல்லது அதற்கும் கீழே என்றால் புண் வரும் ஆபத்து என்று முன்கூட்டியே அறியவும் வழி வகுத்தார்கள்.

நைட்டிங்கேல் அம்மையார் படத்தை மாட்டுகிறோம். கையிலிருந்த விளக்கைப் புகழ்கிறோம். படைவீரர் சாவுக் கணக்கை 1858-இல் வட்டப் படமாக்கி ஆட்சியாளர் முன் வைத்தாரே, அந்தக் கணக்கை யார் சொல்கிறோம்?

தங்கையைக் குறை சொல்லமாட்டேன் நான். "ஏன்" என்று கேட்டால் வாயாடி என்கிறார்கள். வார்டிலே ஆள் பஞ்சம். மாணவி மாணவியாக இல்லை, ஓடி ஓடி ஏவல் செய்கிறாள். ஆய்வுக் கட்டுரைகளோ ஆங்கிலத்தில். பிறகு, போன வருடத்து அக்காமார் எழுதியதைத் தலைப்பு மாற்றிக் கொடுத்தால், அதிசயமென்ன?

நட்டம் யாருக்கு? சீமானுக்குத் தனி அறை, திருப்பிவிடத் தனி ஆள். சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த கொத்தனார் பொது வார்டில் கிடக்கிறாரே, அவருக்கு!

ஆகவே கல்லூரி நடத்துவோரைக் கேட்கிறோம்: இந்த மாதம் இந்த வார்டில் எத்தனை பேருக்குப் படுக்கைப் புண், யாருக்கு, எந்த நாளில், எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்பினார்கள்? இந்தக் கணக்கை மாணவிகளிடம் ஒப்படையுங்கள். தமிழிலேயே எழுதட்டும்! எழுதியதை, பெரிய டாக்டர் உட்பட, வார்டிலுள்ள அனைவரும் உட்கார்ந்து படியுங்கள்.